குந்தோவானின் பாதையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(பலெர்மோ நகரின் ஒரேத்தோ பகுதியில், தமிழ்ப் பெற்றோரும் மாணவரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜேர்மன் உதைபந்தாட்ட வீரர் ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். பலெர்மோவில் ஜேர்மன்காரரின் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த ஊருக்கே பெரிய உதைபந்தாட்டக் கதைகள் உண்டு. சேப் குடியிருப்பில் வளர்ந்த தொத்தோ ஸ்கிலாச்சி 1990 உலகக் கிண்ணத்தில் ஆறு கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். 2024 செப்டெம்பரில் அவர் காலமானபோது மக்கள் அஞ்சலி செலுத்த அவரது உடலை பார்பெரா மைதானத்தில்தான் வைத்தார்கள். 2006இல் உலகக் கிண்ணம் வென்ற இத்தாலி அணியில் நால்வர் பலெர்மோ கழகத்து ஆட்டக்காரர்கள். அவர்களில் ஒருவரான ஃபாபியோ குரோசோ, டோர்ட்முண்ட் மைதானத்தில் அரையிறுதியின் 119ஆம் நிமிடத்தில் கோல் போட்டு, சொந்த மண்ணில் கிண்ணம் தூக்கக் காத்திருந்த ஜேர்மனியை வீட்டுக்கு அனுப்பினார்.

இத்தனை பேர் இருக்க, நான் இல்காய் குந்தோவானை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் உழைக்கவென்று வெளிநாடு போன குடும்பத்தின் பிள்ளை. அவர் ஆடிய ஆட்டத்தை மைதானத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஆட்டத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் 1990ஆம் ஆண்டுக்குப் போவோம். அந்த ஆண்டு ஒகஸ்ட் 12ஆம் திகதி இந்தப் பலெர்மோ நகரில், கானாவிலிருந்து வந்த பெற்றோருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மரியோ பார்வா. பின்னாளில் வட இத்தாலியில் பிரேசியாவுக்கு அருகே ஒரு குடும்பம் அந்தக் குழந்தையை ஏற்று வளர்த்தது. அந்தக் குடும்பத்தின் பெயரால்தான் உலகம் அவரை அறியும்: மரியோ பலோத்தெல்லி. அதே ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி, ஜேர்மனியின் ரூர் நிலக்கரி வட்டாரத்தில் உள்ள கெல்சன்கிர்சனில், துருக்கியக் குடும்பம் ஒன்றில் குந்தோவான் பிறந்தார். இரண்டு பிறப்புகளுக்கும் இடையில் இரண்டரை மாதம்கூட இல்லை. இரண்டு பேருமே அந்நிய நாட்டில் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள்.

ரூர் வட்டாரம் நம்மவருக்குப் புதிய இடம் இல்லை. அதன் கிழக்கு ஓரத்தில்தான் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு இங்கிருந்தும் போய் வந்தவர்கள் இருப்பீர்கள். சிசிலியருக்கும் அது தெரிந்த இடம். 1955 டிசெம்பரில் மேற்கு ஜேர்மனி, தொழிலாளரை வரவழைக்க முதல் ஒப்பந்தம் செய்தது இத்தாலியோடுதான். துருக்கியோடு செய்த ஒப்பந்தம் 1961இல் வந்தது. இன்று நாம் வேலை செய்யும் வீடுகளின் பழைய தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். ஜேர்மனிக்குச் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் போன ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லாத சிசிலியக் குடும்பம் குறைவு. குந்தோவானின் பாட்டனும் சுரங்க வேலைக்காக அங்கே போனவர்தான். பேரன் அந்த நாட்டு அணியின் தலைவரானார்.

அது எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஹெஸ்லர் என்ற சிறு கழகம். அங்கேதான் பிள்ளை பந்து உதைக்கத் தொடங்கினான். எட்டு வயதளவில் அந்த ஊரின் பெரிய கழகமான ஷால்க்கே அவனைச் சேர்த்துக்கொண்டது. ஒரே ஒரு வருடம். கணுக்காலில் காயம் வந்தது, வெளியே அனுப்பிவிட்டார்கள். ஷால்க்கே என்றால் அந்த ஊருக்கு உயிர். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையின் வீடு அன்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் மறுபடியும் ஹெஸ்லருக்கே போனான். ஐந்து வருடம் அங்கேயே ஆடினான். பிறகு இன்னொரு சிறு கழகம். அதன்பின் பதினைந்து வயதை நெருங்கியபோது போஹும் நகரக் கழகத்தின் இளையோர் அணி. பதினெட்டு வயதில், 2009 ஜனவரியில், நூர்ன்பெர்க். அங்கேதான் முதல்தரப் போட்டியில் ஆடத் தொடங்கினார். அந்த நூர்ன்பெர்க் காலத்திலேயே பல்கலைக்கழகத்துக்குத் தகுதி தரும் பள்ளி இறுதிச் சோதனையையும் முடித்தார். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

2011இல் டோர்ட்முண்ட் கழகம் அவரை வாங்கியது. பயிற்றுநர் யூர்கன் குளொப். முதல் மாதங்கள் எளிதாக இருக்கவில்லை. ரியல் மாட்ரிட்டுக்குப் போன நூரி சாகினின் இடத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு, தடுமாற்றம், மாற்று ஆட்டக்காரர் வாங்கு. இரண்டாம் பாதியில் நிமிர்ந்தார். 2012இல் டோர்ட்முண்ட் லீக் பட்டத்தையும் ஜேர்மன் கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. கிண்ண அரையிறுதியில் மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில் விழுந்த ஒரே கோல் அவருடையது. அடுத்த வருடம் லண்டன் வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. பயேர்னுக்கு எதிராக 68ஆம் நிமிடத்தில் தண்ட உதையைப் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். ஆனால் டோர்ட்முண்ட் 2-1 என்று தோற்றது.

அதன்பிறகு வந்தது இருண்ட காலம். 2013 ஒகஸ்டில் முதுகில் காயம். ஒரு வருடத்துக்கும் மேல் ஆட முடியவில்லை. 2014 ஜூலையில் ஜேர்மனி ரியோவில் உலகக் கிண்ணம் வென்றபோது, அந்த அணியில் இடம் பெற்றிருக்க வேண்டிய அவர் அதில் இல்லை. 2016 மே மாதம் முழங்கால் சில்லு விலகியது. அந்த வருட ஐரோப்பியக் கிண்ணமும் போயிற்று. அந்தக் காயத்தோடு இருந்தவரைத்தான் மான்செஸ்டர் சிற்றிக்குப் புதிதாக வந்த பெப் குவார்தியோலா தன் முதல் ஆளாக வாங்கினார். அங்கே போய் ஆறு மாதத்தில், 2016 டிசெம்பரில், முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தப் பருவமும் முடிந்தது.

26 வயது. மூன்று பெரிய காயங்கள். இரண்டு பெரிய சுற்றுப்போட்டிகள் கைநழுவிப் போயின. இங்கேயே கதை முடிந்திருக்கலாம். உலகத்தில் பல திறமைசாலிகளின் கதை இப்படித்தான் முடிந்திருக்கிறது.

குந்தோவானின் கதை அங்கே முடிந்துவிடாததற்கு அவர் ஆடிய விதம் ஒரு காரணம். அவர் பெரிய ஓட்டக்காரர் இல்லை. உடல் வலுவால் ஆளை இடித்துத் தள்ளுபவரும் இல்லை. மத்தியகள ஆட்டத்தைக் கலியாண வீட்டில் பந்தி நடத்தும் பெரியவரின் வேலையோடு ஒப்பிடலாம். எந்த இலையில் சோறு முடிகிறது, சாம்பார் வாளி எங்கே நிற்கிறது, அடுத்த வரிசை எப்போது உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவர் கண்ணில் முன்கூட்டியே பட்டிருக்க வேண்டும். குந்தோவான் பந்து காலுக்கு வருமுன்பே இரண்டு தோளுக்கு மேலாலும் திரும்பிப் பார்த்துவிடுவார். அரைத் திருப்பத்தில் நின்று பந்தை வாங்குவார். அதனால் வாங்கிய கணமே முன்னால் போக வழி இருக்கும். இன்னொன்று, பெனால்டிப் பெட்டிக்குள் எல்லோரும் ஓடி முடித்த பிறகு, யாரும் கவனிக்காத நேரத்தில், பின்னாலிருந்து வந்து நிற்பார். காயம் வேகத்தைப் பறிக்கும். பார்வையையும் நேர உணர்வையும் அதனால் பறிக்க முடியாது. 2020-21 பருவத்தில் சிற்றியின் முன்கள வீரர் அகுவேரோ காயத்தால் பெரும்பாலும் ஆடவில்லை. அந்த வருடம் லீக்கில் சிற்றிக்காக அதிக கோல் போட்டவர் இந்த மத்தியகள வீரர்தான்: 13 கோல்.

இனி 2022 மே 22. பிரீமியர் லீக்கின் கடைசி நாள். சிற்றி வெல்லாவிட்டால் பட்டம் லிவர்பூலுக்குப் போகக்கூடும். அஸ்ரன் வில்லா 1-0 என்று முன்னால் நிற்கிறது. 68ஆம் நிமிடத்தில் குந்தோவான் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். அடுத்த நிமிடமே வில்லா அதை 2-0 ஆக்கியது. 76ஆம் நிமிடத்தில் ஒரு கோல். 78இல் ரொட்ரி ஒன்று. 81இல் மறுபடியும் குந்தோவான். ஆட்டம் 3-2. லிவர்பூலுக்கு 92 புள்ளி, சிற்றிக்கு 93. ஒரு புள்ளியில் பட்டம்.

இதே கழகம் பத்து வருடத்துக்கு முன்னும், 2012இல், கடைசி நாளின் கடைசி நிமிடத்தில்தான் பட்டம் வென்றது. அன்று அகுவேரோ போட்ட கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் யார் தெரியுமா? நிலத்தில் விழுந்துகொண்டே காலை நீட்டிப் பந்தைத் தள்ளிவிட்ட மரியோ பலோத்தெல்லி. இந்த ஊரில் பிறந்த பிள்ளை. அதே வருடம் ஜூன் மாதம் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் ஜேர்மனிக்கு எதிராக இரண்டு கோல் போட்டு இத்தாலியை இறுதிக்குக் கொண்டுபோனவரும் அவரே. திறமையில் அவர் குந்தோவானுக்குக் குறைந்தவர் இல்லை. ஆனால் இத்தாலியில் பிறந்து வளர்ந்த அவருக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது பதினெட்டு வயது நிறைந்த பிறகுதான். மைதானங்களில் நிறத்தைச் சொல்லி அவரை இழிவுபடுத்திய கூச்சல்களையும் இந்த நாடு கேட்டது. பலோத்தெல்லி ஒழுங்காக நடக்கவில்லை என்று எளிதாகத் தீர்ப்பு எழுதுபவர்கள் இவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குந்தோவானின் உச்சம் 2023 ஜூன். 3ஆம் திகதி வெம்ப்ளியில் எஃப்ஏ கிண்ண இறுதி. பந்து நகர்ந்து 12 விநாடியில் கோல். அந்தக் கிண்ணத்தின் இறுதிப் போட்டி வரலாற்றில் மிக வேகமான கோல் அது. அன்று சிற்றி போட்ட இரண்டு கோலும் அவருடையவை. ஒரு வாரம் கழித்து சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டரை 1-0 என்று வென்று, அணித்தலைவராகக் கிண்ணத்தைத் தூக்கினார். அந்த ஆட்டம் நடந்த நகரம் இஸ்தான்புல். பாட்டன் விட்டுப்போன நாட்டில் பேரன் கிண்ணம் தூக்கினார். பிறகு ஒரு வருடம் பார்சிலோனா, மறுபடியும் ஒரு வருடம் சிற்றி, 2025 செப்டெம்பரில் துருக்கியின் கலாதாசராய்.

இப்போது ஒரு கசப்பான பகுதிக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கும் இது வரும்.

2018 மே மாதம் லண்டனில் துருக்கியின் ஜனாதிபதி எர்துவானோடு குந்தோவானும் மெசுட் ஒசிலும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒசிலும் கெல்சன்கிர்சனில் பிறந்த துருக்கியக் குடும்பத்துப் பிள்ளை, 2014 உலகக் கிண்ணம் வென்றவர். அந்தப் படம் ஜேர்மனியில் பெரும் புயலைக் கிளப்பியது. ஓர் அரசியல் தலைவரோடு தேர்தல் காலத்தில் நின்று படம் எடுத்தது சரியா என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கேள்வி அத்தோடு நிற்கவில்லை. இவர்கள் உண்மையான ஜேர்மனியர்தானா என்ற கேள்வியாக அது மாறியது. லெவர்குசனில் நடந்த ஆட்டத்தில் குந்தோவான் பந்தைத் தொடும்போதெல்லாம் சொந்த நாட்டு ரசிகர்கள் சீழ்க்கை அடித்தார்கள். அந்த வருட உலகக் கிண்ணத்தில் ஜேர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. வென்றால் ஜேர்மனியன், தோற்றால் வந்தேறி என்று நடத்தப்படுவதாகச் சொல்லி ஒசில் தேசிய அணியிலிருந்து விலகினார். குந்தோவான் விலகவில்லை. 2023இல் தேசிய அணியின் தலைவரானார். 2024இல் ஜேர்மனியில் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தில், பெரிய சுற்றுப்போட்டி ஒன்றில் ஜேர்மனிக்குத் தலைமை தாங்கிய முதல் துருக்கிய வம்சாவளியினர் ஆனார். காலிறுதியில் ஸ்பெயினிடம் தோற்ற பிறகு, அந்த ஒகஸ்டில் 82 ஆட்டங்களோடு தேசிய அணியிலிருந்து விடைபெற்றார்.

விலகியவர் கோழை, நின்றவர் வீரர் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் இரண்டு வழி. ஆனால் பெற்றோராகிய நாம் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த மண்ணில் வளரும் பிள்ளையிடம் நீ இத்தாலியனா, தமிழனா, எதை விடப்போகிறாய் என்று வெளியே கேட்பார்கள். வீட்டுக்குள்ளும் அதே கேள்வியை நாமே கேட்டால் அந்தப் பிள்ளை எங்கே போய் மூச்சு விடும்? ஜூலை மாதம் சந்த ரோசலியா திருவிழாவில் நம்மவர்கள் சிசிலியரோடு சேர்ந்து நடக்கிறார்கள். மொந்தே பெல்லெக்ரினோ மலைக்கு நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள். அப்போது யாரும் நம்மிடம் எதையும் விடச் சொல்வதில்லை. பிள்ளைகளிடமும் நாம் விடச் சொல்ல வேண்டியதில்லை.

உதைபந்தாட்டம் நமக்கு அந்நியமான ஆட்டமும் இல்லை. யாழ்ப்பாணத்தின் குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை ஹென்றியரசர், சென். பத்திரிசியார் என்று பெயர் சொன்னால் இங்கே எத்தனை முகம் மலரும் என்று எனக்குத் தெரியும். துரையப்பா மைதானத்து இறுதி ஆட்டங்களை மதிலேறிப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்கிறேன்: தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்கள் அகில இலங்கை மட்டத்தில் கிண்ணம் வென்றவர்கள். உங்கள் மகளுக்கும் இந்த ஆட்டம் உரியது.

புலம்பெயர்ந்த மண்ணிலும் சிலர் வழி திறந்திருக்கிறார்கள். வேல்ஸில் 2006இல் பிறந்த தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அவரும் மத்தியகள வீரர்தான். இலங்கை வேரோடு பெர்லினில் பிறந்த வசீம் ரசீக் ஜேர்மனியின் மாக்டபேர்க், எர்ஃபுர்ட் கழகங்களில் ஆடி, பிறகு இலங்கைத் தேசிய அணிக்கு வந்தார். தமிழீழ அணி என்ற பெயரில் புலம்பெயர் இளைஞர்கள் ஃபீஃபாவில் இல்லாத அணிகளுக்கான போட்டிகளில் 2012 முதல் ஆடியிருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் கதவு பூட்டியிருக்கிறது என்று இனி சொல்ல முடியாது.

ஆகவே இந்தக் கதையிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பக்கத்துக் கழகம். ஷால்க்கே துரத்திய பிள்ளையைத் திரும்ப வாங்கி வளர்த்தது ஹெஸ்லர் என்ற சிறு கழகம். பெரிய கழகத்தின் தெரிவு முகாமில் பிள்ளையை எடுக்கவில்லை என்றால் அத்தோடு காலணியைக் கழற்றிவிடாதீர்கள். பலெர்மோ கழகத்தின் பெரும்பங்கை 2022 ஜூலையில் மான்செஸ்டர் சிற்றியின் உரிமையாளரான நிறுவனமே வாங்கியது உங்களுக்குத் தெரியும். இதனால் மான்செஸ்டர் நம் வாசலுக்கு வந்துவிட்டது என்று கனவு காண வேண்டாம். பிள்ளை ஒழுங்காகப் பயிற்சிக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள கழகம்தான் அவனுக்கு நல்ல கழகம்.

இரண்டாவது, பத்திரங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கழகங்களில் பதிவது முன்பு சிக்கலான காரியம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. பத்து வயதுக்கு முன்பிருந்தே இத்தாலியில் முறைப்படி வசிக்கும் பிள்ளையை, பதினெட்டு வயதுக்குள், இத்தாலியப் பிள்ளையைப் பதிவது போலவே விளையாட்டுச் சம்மேளனத்தில் பதிய அந்தச் சட்டம் வழி செய்தது. ஆனால் தேசிய அணிக்கு ஆட இது போதாது, குடியுரிமை வேண்டும். 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி, இங்கே பிறந்து பதினெட்டு வயதுவரை முறைப்படி இடைவிடாமல் வசித்த பிள்ளை, பதினெட்டு நிறைந்த ஒரு வருடத்துக்குள் நகரசபையில் போய் குடியுரிமை விரும்புவதாக அறிவிக்க வேண்டும். பதினெட்டு நிறைவதற்கு முந்திய ஆறு மாதத்தில் நகரசபை இதைப் பிள்ளைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2013இல் சட்டம் வந்தது. இருந்தாலும் கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். வீடு மாறினால் வதிவிடப் பதிவை உடனே மாற்றுங்கள். சொஜோர்னோ எனும் வதிவு அனுமதியைக் காலாவதியாக விடாதீர்கள். பெரியவர்கள் குடியுரிமை கேட்பதற்கான வதிவுக் காலத்தைப் பத்து வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பு, போதிய பேர் வாக்களிக்காததால் செல்லாமல் போயிற்று. ஆகவே பழைய விதிதான் இன்றும் நடப்பில் இருக்கிறது.

மூன்றாவது, தரகர். உங்கள் பிள்ளையை இங்கிலாந்தில் சேர்க்கிறேன், ஸ்பெயினில் சேர்க்கிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை நாடுவிட்டு நாடு கழகம் மாற்றுவதை ஃபீஃபா தடை செய்திருக்கிறது. விதிவிலக்குகள் சிலவே. ஆட்டக்காரரின் முகவருக்கு ஃபீஃபா உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நான்காவது, படிப்பு. அடிக்கோடிடச் சொன்னேனே, அது இதுதான். முதல்தரப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த குந்தோவான் பள்ளிச் சோதனையை முடிக்காமல் விடவில்லை. மூன்று காயங்களில் ஏதாவது ஒன்று அவரை நிரந்தரமாக வெளியே தள்ளியிருந்தாலும் அவர் கையில் இன்னொரு வழி இருந்திருக்கும். நம் வீடுகளில் இரண்டு விதமான பிழை நடக்கிறது. ஒரு வீட்டில் ரியூசனுக்காகப் பயிற்சியை நிறுத்துகிறார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளை நாளைக்குப் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிடுவான் என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இரண்டும் பிள்ளையின் ஒரு காலைக் கட்டிவிடும் வேலை. இளையோர் அணிகளில் ஆடும் பிள்ளைகளில் தொழிலாக ஆடப்போகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு இந்த ஆட்டம் உடல் நலம், நண்பர்கள், மொழி, இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்கும் துணிவு என்று எவ்வளவோ தரும். அதற்காகவே அது வேண்டும்.

வேலைக் களைப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சனி, ஞாயிறிலும் வீட்டுவேலைக்குப் போகும் அம்மாமார் இங்கே இருக்கிறீர்கள். இருந்தாலும் ஒரு வேண்டுகோள். ஒரு பெற்றோரால் தனியே முடியாததைப் பத்துக் குடும்பம் சேர்ந்தால் செய்யலாம். ஒரு வாரம் ஒருவர் பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போகட்டும், மறுவாரம் மற்றவர். பத்திரங்களை விளங்கிய ஓர் அண்ணனோ அக்காவோ மற்றக் குடும்பங்களின் பத்திரங்களையும் பார்த்துச் சொல்லட்டும். இந்த மண்டபத்தை விட்டுப் போகுமுன், பக்கத்தில் இருப்பவரின் பிள்ளைக்கு எத்தனை வயது, எந்தக் கழகத்தில் ஆடுகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். எந்தக் கழகத்திலும் இல்லை என்றால், உங்கள் பிள்ளையோடு சேர்த்து அந்தப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.